பூரணத்தம்மாள் கேட்ட ஒரு படம்

எங்கள் நாரத்தம்பாறையில் எலுமிச்சங்காய்கள் மரத்தில் பழுப்பதை விட்டுவிட்டுக் கேமராவில் பழுக்கத் தொடங்கிய அந்த வருஷத்தில், மலைப்பக்கம் மழை வழக்கம்போலப் பெய்தது, சந்தை வழக்கம்போல விடிகாலையில் கூடியது, கேரளத்து லாரிகள் வழக்கம்போல ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தன, எங்களில் யாருக்கும் இது ஒரு பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை. அந்தக் கேமரா ஊருக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் உலகம்மாளின் மகள் வடிவிடம் இருக்கிறது என்பதுதான் எங்களுடைய ஒரே கவலையாக இருந்தது.

வடிவின் முழுப்பெயர் அருணாசலவடிவு. அவள் பார்த்த வேலையை எங்களுக்கு விளங்கவைக்க உலகம்மாள் படாத பாடுபட்டாள். செல்போனில் எடுத்த படம் சாம்பார் தெளித்த மாதிரி வந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணம், காதுகுத்து என்றால் உள்ளங்கையில் அடங்குகிற டிஜிட்டல் கேமரா ஒன்று வீட்டில் இருப்பதுதான் கௌரவம். எந்தக் கேமராவை வாங்கலாம், எதை வாங்கினால் காசு தண்டம் என்று சொல்வதற்கென்றே சென்னையில் ஒரு பத்திரிகை நடந்தது. அந்தப் பத்திரிகைக்காகக் கம்பெனிகள் அனுப்பும் கேமராக்களைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, திரும்பப் பெட்டியில் வைத்து அனுப்புவது வடிவின் வேலை. "படம் புடிச்சிப் பாத்து நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லுததுக்கு ஒரு சம்பளமா?" என்று நாங்கள் கேட்டோம். கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வேலை கிடைக்குமா என்று ரகசியமாக அவளிடமே விசாரித்தோம்.

அவள் சோதிக்கும் முறை விசித்திரமானது. முதலில் அரிசி மூட்டை போடும் அறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அரையிருட்டில் படமெடுப்பாள். வெளிச்சம் போதாதபோது எல்லாக் கேமராவும் தடுமாறும், பார்க்க முடியாத இடத்தைப் பார்த்ததுபோலக் காட்டிக்கொள்ள சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகளை அள்ளித் தூவிவிடும், இன்னும் சில கேமராக்கள் அந்தப் புள்ளிகளை மறைக்கிறேன் பேர்வழி என்று முகத்தையே பூசி மெழுகிவிடும் என்பாள். எந்தக் கேமரா எவ்வளவு இருட்டுவரை புள்ளி போடாமல் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். அடுத்ததாகப் புறவாசலில், காலை வெயிலில், ஒரு தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், கத்திரிக்காய், வெற்றிலை, குங்குமம், சொட்டுநீலம் கலந்த கிண்ணம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படமெடுப்பாள். படத்தைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இதை ஒரு பார்வை, அதை ஒரு பார்வை என்று கழுத்து வலிக்கப் பார்ப்பாள். பொருளையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நிறத்தைப் பற்றி எவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. வடிவு நல்ல கருப்பு. பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படத்தில் மூன்றாம் வரிசையில் ஒரு பல்வரிசையும் இரண்டு கண்ணும் மட்டும் நிற்கின்றன, அதுதான் வடிவு. பத்தாம் வகுப்பு முடித்ததும் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில், பவுடரை அப்பி, விளக்கை முகத்துக்கு நேராக வைத்து, கம்ப்யூட்டரிலும் இன்னும் கொஞ்சம் வெளுத்து, அரிசிமாவில் புரட்டிய மீனாக அவளை ஆக்கிக் கொடுத்தார்கள். இருட்டாக்கினார்கள், அல்லது வெளுத்தார்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற பெண்ணை ஒரு படத்திலும் அவள் பார்த்ததே இல்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் பெரிய வருத்தம். வெளியே சொன்னால் நாங்கள் சிரிப்போம் என்று சொல்லாமல் இருந்தாள். நாங்களும் சிரித்திருப்போம்தான்.

கேமராப் பெட்டிகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவன் குத்தாலிங்கம். பக்கத்து ஊர்க்காரன், பஸ் ஸ்டாண்டில் பார்சல் ஆபீஸ் வைத்திருந்தான். மற்ற பார்சல்களை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் போகிறவன் வடிவின் பார்சலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டியோட்டி வருவான். இது எதில் போய் முடியும் என்று வடிவுக்கும் அவனுக்கும் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கேமராவையும் அவன்தான் கொண்டுவந்தான். சாம்பல் நிறத்தில், சோப்பு டப்பா அளவில், பார்க்க ஒரு விசேஷமும் இல்லாத கேமரா. வடிவு தாம்பாளத்தைப் படமெடுத்தாள், பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். படத்து எலுமிச்சை தாம்பாளத்து எலுமிச்சையாகவே இருந்தது, படத்துக் கத்திரி தாம்பாளத்துக் கத்திரியாகவே இருந்தது, ஒரு இம்மி பிசகில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு உண்மையான நிறத்தை நான் கண்டதில்லை என்று எழுதி, முழு மதிப்பெண்ணும் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷத்தில் ரெட்டைச் சோறு சாப்பிட்டாள்.

சாயங்காலம் உலகம்மாள் தாம்பாளத்திலிருந்த கத்திரிக்காயைக் குழம்புக்கு எடுத்தவள் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி வடிவு, கருநீலமா இருந்த காய என்னட்டி பண்ணி வச்சிருக்கே? இப்பிடிச் செம்மண்ணு கலருல கெடக்கு! வெத்தலையும்லா மஞ்சளாப் பழுத்துப் போச்சி!"

வடிவு ஓடிப்போய்ப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தக் கேமரா எல்லாவற்றையும் ஒரு பூச்சு மஞ்சளாக, ஒரு படி வெளிச்சமாகப் பார்க்கிற கேமரா. அது எப்படிப் பார்த்ததோ அப்படியே பொருள் மாறிக்கொண்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படமும் பொருளும் பொருந்தாமல் எப்படி இருக்கும்? அவள் சட்டமே அவளைக் கவிழ்த்துவிட்டது. பத்திரிகைக்குப் போன் போட்டு அந்த மதிப்பெண்ணை அச்சில் ஏற்றாதீர்கள் என்று கெஞ்சினாள். கம்பெனிக்குப் போன் போட்டாள், அவர்கள் அப்படி ஒரு கேமராவை நாங்கள் செய்யவே இல்லையே அம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

மறுநாள் காலையில் எலுமிச்சைச் சந்தைத் தலைவர் தீத்தாரப்பன் அண்ணாச்சி ஒரு கூடை பச்சைக்காயோடு அவள் வாசலில் நின்றார். உலகம்மாள் வாய் சும்மா இருக்குமா?

"சும்மா ஒரு படந்தான் தாயி. காயி பழுக்க இன்னும் நாளு கெடக்கு, லாரி வந்து நிக்கி," என்றார்.

வடிவு ஒரு படம் எடுத்தாள். கூடை முழுக்கப் பொன் மஞ்சளாகத் தகதகத்தது. அண்ணாச்சி ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறி, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, "புளிப்பு பத்தாது, கசக்குது. ஆனா வாங்குதவன் கண்ணாலதான வாங்குதான்," என்றார். அதன்பிறகு தினமும் விடிந்ததும் சந்தையில் ஒரு ஸ்டூலைப் போட்டு வடிவை ஏற்றி நிறுத்தினோம், அவள் குவியல் குவியலாகப் படமெடுத்துக்கொண்டு போனாள், குவியல் குவியலாகக் காய்கள் பழுத்துக்கொண்டு வந்தன. கேரளத்து வியாபாரிகள் முதலில் ஏமாந்தார்கள், பிறகு முகர்ந்து பார்த்து வாங்கப் பழகினார்கள், அதற்கும் பிறகு, மஞ்சளாக இருந்தால் போதும், ஊறுகாய்க்குத்தானே என்று அவர்களும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் ஊருக்கு எதையும் பழகிக்கொள்ளத் தெரியும். வெளுத்த சேலைகளைக் கொண்டுவந்து பட்டு மஞ்சளாக்கிக்கொண்டு போனார்கள் பெண்கள். பஸ் ஸ்டாண்டுக் கொடிக்கம்பம் தற்செயலாக ஒரு படத்துக்குள் வந்துவிட, ஒரு கட்சியின் சிவப்புக் கொடி காவி மாதிரி ஆகி, அந்தக் கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் கொடி யாருடையது என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். மாசாணம் என்பவர் தன்னுடைய வெள்ளைக் காளையை மாட்டுக்கொட்டகைக்குள்ளேயே படமெடுக்கச் சொன்னார். இருட்டாக இருக்கிறது, புள்ளி விழும் என்று வடிவு எச்சரித்தும் கேட்கவில்லை. சொன்னபடியே காளையின் மேலெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கடுகு கடுகாகப் புள்ளிகள் விழுந்தன. மாசாணத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் மாட்டுச்சந்தையில் அந்தக் காளையைப் பார்க்க வந்த கூட்டத்தில் மற்ற மாடுகளைப் பார்க்க ஆளில்லை. கண்ணூறு படாது என்று சொல்லி, தங்கள் கன்றுக்குட்டிகளுக்கும் இரண்டு புள்ளியாவது போட்டுக் கொடு என்று வடிவிடம் பலர் வந்தார்கள். கடைசியில் சந்தைச் சங்கம் கூடி, பொழுது சாய்ந்தபின் யாரும் படத்துக்கு நிற்கக் கூடாது, கேமராவின் எந்தப் பொத்தானையும் யாரும் திருகக் கூடாது, இருக்கிற மஞ்சள் போய்விட்டால் ஊர் தாங்காது என்று தீர்மானம் போட்டது.

மனிதர்களை எடுக்கமாட்டேன் என்று வடிவு கொஞ்சநாள் உறுதியாக நின்றாள். ஆனால் அவளுடைய சித்தியே வந்து, தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லி வாசலில் உட்கார்ந்து அழுதால் என்ன செய்வாள்? சித்தி சிவந்தாள், சித்தியைப் பார்த்துத் தெருவே சிவந்தது. எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி வெளிர்மஞ்சளாக, புதுப் பித்தளைக் குடங்களாக நடமாடினோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் யார் யார் என்று தெரியவில்லை, அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை. வெயிலில் வேலைக்குப் போனால் பழைய நிறம் மெல்லத் திரும்பும் என்பதால் குடை விற்பனை கூடியது. ஊரில் படத்துக்கு நிற்காதவள் படமெடுத்தவள் ஒருத்திதான்.

இந்த நேரத்தில்தான் குத்தாலிங்கம் தன் அம்மாவிடம் வடிவைப் பற்றி வாய் திறந்தான். அம்மா பூரணத்தம்மாளுக்கு ஒரு எலுமிச்சைத் தோப்பும், யார் பேச்சையும் கேட்டுப் பழகாத ஒரு குரலும் இருந்தன. அவளும் இரண்டு தரம் வந்து கேமரா முன்னால் நின்று வெளுத்துக்கொண்டு போனவள்தான். அப்போதுகூட கேமராவைப் பார்த்தாளே தவிர, அதைப் பிடித்திருந்தவளைப் பார்க்கவில்லை. உலகம்மாள் வீட்டுக்கு வந்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"மதினி, பிள்ளை படிச்சிருக்கா, சம்பாதிக்கா, எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நிச்சயத்தன்னைக்கி எங்க ஆளுக முன்னாடி ஒரே ஒரு படம். அம்புட்டுத்தான் நான் கேக்கது. ஊரே வெளுத்துருக்கு, இவ ஒருத்தி மட்டும் எதுக்கு மதினி இப்பிடி இருக்கணும்?"

உலகம்மாள் மகளைப் பார்த்தாள். வடிவு அரிசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் பார்சல் ஆபீசுக்குப் போனாள். நாங்கள் நாலைந்து பேர் அங்கே பார்சல் அனுப்புகிற மாதிரி நின்றுகொண்டோம்.

"ஒங்க அம்மா கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீய?" என்றாள்.

"நான் என்னத்தச் சொல்ல? அம்மா ஒண்ணப் புடிச்சா விடமாட்டா," என்றான் குத்தாலிங்கம், பசை டப்பாவை மூடித் திறந்துகொண்டு. "எனக்கு நீ இப்பிடியே இருந்தாப் போதும் வடிவு."

"இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லணும்லா?"

அவன் குனிந்து ஒரு பார்சலுக்குப் பசை தடவினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனைப் பிடிக்காமலிருந்தால் போய்யா என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். பிடித்திருந்தது, அதுதான் சங்கடம். ஒரு சொடுக்கில் கல்யாணமும் நடக்கும், அவளும் இல்லாமல் போவாள். இருட்டாக்கியும் வெளுத்தும் இத்தனை வருஷம் படங்கள் செய்ததை இந்தக் கேமரா அவள் உடம்பிலேயே செய்துவிடும்.

வேலை தெரிந்தவள் ஆனதால் ஒரு வழி அவளுக்குத் தெரியும். கேமராவிடம் ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுத்தால், அதைக் கொண்டு மற்ற நிறங்களையெல்லாம் அது திருத்திக்கொள்ளும். எல்லாக் கேமராவிலும் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, சங்கத்துத் தீர்மானம் பயந்ததும் அந்தப் பொத்தானுக்குத்தான். ஆனால் வெள்ளைக்கு எங்கே போவாள்? வேட்டிகள் மஞ்சளடித்துப் போயிருந்தன, பள்ளிக்கூடச் சுவர், கோயில் சுண்ணாம்பு, கடை உப்பு, இட்லி எல்லாமே ஏதாவது ஒரு படத்துக்குள் நின்றவைதான். தும்பைச் செடிகள்கூடச் சந்தையோரம் நின்று படத்தில் விழுந்ததால் மஞ்சளாகத்தான் பூத்தன. டவுனிலிருந்து புதுக் காகிதம் வாங்கிவந்தாள். மஞ்சளுக்குப் பழகிப்போன எங்கள் கண்ணுக்கு அது நீலமாகத் தெரிந்தது. நீலமா வெள்ளையா என்று உற்று உற்றுப் பார்த்ததில் அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தப்பான வெள்ளையைக் காட்டினால் தப்பான நிறத்துக்குத்தான் மாறுவாள். நிச்சயத்து நாள்வரை தேடியும் அவளுக்கு நம்பிக்கையான வெள்ளை அகப்படவில்லை.

நிச்சயம் உலகம்மாள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஊரில் பாதி உள்ளேயும் மீதி சன்னலிலும் இருந்தது. பூரணத்தம்மாள் பட்டுச் சேலையில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த தட்டுகளை வரிசையாகப் பரப்பினாள்: பழம், பூ, சேலை, மஞ்சள் பூசிய தேங்காய்.

"மொதல்ல படம்," என்றாள். "பொறவு தட்டு மாத்திக்கிடுவோம்."

வடிவு கேமராவோடு வந்தாள். சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள், குத்தாலிங்கத்தைப் பார்த்தாள், அவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். பிறகு தட்டுகளைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். திடீரென்று குனிந்து, தட்டிலிருந்த தேங்காயைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு நடந்தாள்.

"ஏட்டி, ஏட்டி! நிச்சயத் தட்டுத் தேங்காய ஒடைக்கப் பிடாதுட்டி!" என்று உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தீத்தாரப்பன் அண்ணாச்சிக்கு எங்கள் எல்லாருக்கும் முன்பாக விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து நின்று கையைக் கூப்பினார். "வடிவு, சந்தைய நெனச்சிப் பாரு தாயி! நாளைக்கி நாலு லாரி வருது!"

அவள் படிக்கல்லில் ஓங்கி அடித்தாள். ஒரே அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது, தண்ணீர் அவள் காலில் கொட்டியது. உள்ளே இருந்தது வெள்ளை. எந்தக் கேமராவும் பார்த்திராத, எந்தக் கண்ணும் பட்டிராத, அந்த நிமிஷம்தான் உலகத்துக்கு வந்த வெள்ளை. எங்களுக்குக் கண் கூசியது. வெள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கும் என்று எங்கள் மஞ்சள் வேட்டிகளை நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டோம். வடிவு தேங்காய் மூடிக்கு நேரே கேமராவைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினாள். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை ஒரு படி இறக்கினாள். அந்தப் பொத்தானை அமுக்கியதோடு எங்கள் ஊரில் காய் பழுப்பது நின்றது. பிறகு யார் எப்படித் திருகிப் பார்த்தும் அந்தக் கேமரா பழைய பொய்க்குத் திரும்பவில்லை. எங்களுக்கு இன்றைக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு.

அவள் கூடத்துக்குத் திரும்பி, கேமராவைக் குத்தாலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"நீங்களே எடுங்க," என்றாள். சன்னல் பக்கம் திரும்பி, "வெளிச்சத்த விட்டுத் தள்ளி நில்லுங்க எல்லாரும், புள்ளி விழுந்திரும்," என்று எங்களை அதட்டினாள். நாங்கள் விலகினோம். வெயில் உள்ளே வந்து அவள் முகத்தில் விழுந்தது.

குத்தாலிங்கம் எழுந்து நின்று படமெடுத்தான்.

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வடிவு வடிவாகவே நின்றாள். ஒரு குழந்தை தும்மியது. நாங்கள் இன்னும் கொஞ்சநேரம் காத்திருந்தோம்.

"என்னலே, மாறலியே?" என்றாள் பூரணத்தம்மாள். "கேமரா கெட்டுப்போச்சா? இன்னொண்ணு எடு."

குத்தாலிங்கம் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் அதுவரை நாங்கள் பார்க்காத ஒரு தைரியம் வந்தது.

"கெடலம்மா. சரியா இருக்கு," என்றான். "இனி எடுக்க வேண்டாம். எனக்கு இந்தப் பிள்ளதான் வேணும், இந்த நெறத்துலதான் வேணும்."

வடிவு அவன் கையிலிருந்த கேமராவை எட்டிப் பார்த்தாள். திரையில், தினமும் கண்ணாடியில் பார்க்கிற பெண் நின்றிருந்தாள், அதே நிறத்தில், மூக்கோரத்து அம்மைத் தழும்போடு. வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உலகம்மாளும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதாள்.

பூரணத்தம்மாள் கையை நீட்டினாள். மகன் தயங்கித் தயங்கிக் கேமராவைக் கொடுத்தான். அவள் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தலையை நிமிர்த்தி, எதிரே நின்றவளை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். நாங்கள் சண்டைக்குத் தயாராக இருந்தோம்.

"இந்தப் பிள்ள இம்புட்டு அழகா இருக்கா," என்றாள் பூரணத்தம்மாள். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லியேடா?"